எச்சில் தொட்டியிலிருந்து

மூன்று வாரமாக ஓட்டல்களுக்குப் போகிறேன்,
சாப்பிட அல்ல,
மிச்சத்தைப் பார்க்க.
சுங்கச்சாவடி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மூன்று கடை.
கை கழுவும் இடத்தில்
போன் பேசுவதுபோல் நின்றால் போதும்,
எச்சில் தொட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
முதல் கடையில் இட்லி தீர்ந்து சட்னி மிஞ்சுகிறது.
அடுத்ததில் சட்னி தீர்ந்து இட்லி.
மூன்றாவதில் எதுவும் மிஞ்சுவதில்லை,
இலையையே அங்கே பாதியாகக் கிழித்துத்தான் போடுகிறார்கள்.

பதினோரு வருடம் கன்டெய்னர் யார்டில்
பெட்டி எண்ணியவள் நான்.
எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.
சமையல் சகாயராஜுடையது.
காலிக் கடையின் தரையில் ஸ்டவ் வைத்து
போர் தண்ணீரில் ஒரு டீ,
மெட்ரோ தண்ணீரில் ஒரு டீ,
கேன் தண்ணீரில் ஒரு டீ போட்டான்.
போர் டீ
துருப்பிடித்த சாவியை நக்கியதுபோல் இருந்தது.
"கேன்தான்" என்றான்.
ஒரு டீக்கு அறுபது பைசா ஏறியது.
குறித்துக்கொண்டேன்.

கடை முன்பு சீட்டுக் கம்பெனி.
ஓடிப்போனவனை யாரோ திட்டியது
ஷட்டரில் பெயின்ட்டாக இருக்கிறது இன்னும்.
அட்வான்ஸ் பத்து மாசம்.
"ஒரு பைசா கொறையாதும்மா,
ஆனா நீ நல்லா வருவே"
என்கிறார் சம்பத்லால்.
அவர் தாத்தா வந்து இறங்கியது ராஜஸ்தானிலிருந்து.
இவர் பேச்சில் கொருக்குப்பேட்டை தவிர வேறு ஊர் இல்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையோரம்
ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு வரை
ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
திங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு லாரி.
செவ்வாய், நூற்றுத் தொண்ணூறு.
புதன் மழை. நோட்டு நனைந்துவிட்டது.
என் கணக்கில் அந்தப் புதன்கிழமை நடக்கவே இல்லை.
வியாழன் வரிசை அசையவில்லை,
ஒரே லாரியை இரண்டு தடவை எண்ணிவிட்டு
பாதியை அடித்தேன்.

வெள்ளி, படிவத்தோடு போனேன்.
இட்லியா பரோட்டாவா,
பார்சலா உட்கார்ந்தா,
எவ்வளவு வரை கொடுப்பீர்கள்.
சங்ககிரி வண்டி. டிரைவர் செங்கோட்டுவேல்
கேபினிலிருந்து இறங்காமலே கேட்டார்:
"சோறு எங்கீன்னாலும் கெடைக்குமுங்க.
நேத்துல இருந்து லைன்ல நிக்கறேன்.
பக்கத்துல கக்கூஸ் இருந்தா
அதச் சொல்லுங்க மொதல்ல."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
விடிவதற்குள் முப்பத்தொரு பேர்,
இருபத்தாறு ஓரங்கள் நிரம்பின.
நெல்லூர்க்காரர் ஒருவர் மட்டும் மீன் குழம்பு கேட்டார்,
அதையும் வெட்கப்பட்டுக்கொண்டு.

யார்டில் பெண்களுக்கான கழிப்பறை
மூன்றாவது கேட் தாண்டி.
ஷிஃப்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை
முதல் மாதமே கற்றுக்கொண்டேன்.
சிறுநீர்க் கல்லுக்கு
இரண்டு தடவை லீவு எடுத்தவள்
அந்தக் கட்டத்தை
எப்படிப் போடாமல் விட்டேன்?

தரையில் சாக்பீஸால் எட்டு மேசை வரைந்திருந்தோம்.
ஏழையும் எட்டையும் அழித்து
இரண்டு கழிப்பறை வரைந்தேன்,
ஒன்றில் "பெண்கள்" என்று எழுதி.
சகாயராஜ் காலால் தேய்த்தான்.
"இன்னா, ஓட்டல் வெக்கிறியா
கக்கூஸ் வெக்கிறியா?"
"எட்டு நாற்காலி போகுது. துட்டு யார் குடுப்பா?"

அவன் சொன்னதும் கணக்குதான்.
போட்ட பணம் திரும்பப் பத்தொன்பது மாசம் என்றிருந்தது
இருபத்து மூன்றானது.
பேங்கில் அந்த இருபத்து மூன்றை
சிவப்பில் வட்டம் போட்டார்கள்.
கீழே கேள்விக்குறி.
பதிலாக
இருபத்தாறு ஓரங்களையும் ஜெராக்ஸ் எடுத்து
பின் அடித்துக் கொடுத்தேன்.
அந்த அதிகாரி புரட்டினார்,
எழுந்து உள்ளே போனார்,
கை ஈரமாகத் திரும்பி வந்தார்.
"பார்க்கலாம்" என்றார்.

நேற்று ஷட்டரைத் தூக்கினால்
தரையில் புதுக்கோடு, என்னுடையது இல்லை.
பரோட்டாக் கல்லைச் சுவரோரம் திருப்பி
சமையல்கட்டில் ஒன்றரை அடி விட்டிருக்கிறான்.
அந்த இடத்தில்
காலில்லாத சின்னச் சதுரம் ஒன்று,
மடக்கு மேசை என்று பக்கத்தில்
தப்பும் தவறுமாக.

நான்கு நாற்காலி திரும்பி வருகிறது.
இருபத்தொன்று.
மீன் குழம்பை இன்னும் எந்தப் பக்கத்திலும்
எழுதவில்லை.